அண்ணி படிக்காமல் போட்ட கையெழுத்து

என் அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைத்தான் நாலு திட்டு திட்ட வேண்டியிருக்கிறது. அதை இப்போதே முடித்துவிடுகிறேன். நான் ஆறாம் வகுப்புத் தமிழ் டீச்சர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். பள்ளியில் எனக்கு 'மிளகாய்' என்று பட்டப்பெயர் உண்டு; அது எனக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், என் அண்ணன் "நாக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். அவன் வாயைத் திறப்பது கொட்டாவிக்கும் இதற்கும் மட்டும்தான். இவ்வளவு படித்த கெட்டிக்காரி, ஒரே வீட்டில் பதினாலு வருஷம் கூடவே இருந்தவளைப் பற்றிய ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கூமுட்டை என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணி வேலை செய்வது பேனல் பட்டறையில். லிஃப்ட்டோ தண்ணீர் மோட்டாரோ, எந்தப் பெரிய இயந்திரமானாலும் அதை ஓட்டுவதற்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி நிற்கும். கதவைத் திறந்தால் நூற்றுக்கணக்கான வயர்கள் ஒழுங்காக வளைந்து, அதது போக வேண்டிய திருகில் போய் உட்கார்ந்திருக்கும். அந்த அலமாரிதான் பேனல். வயர்களை உட்கார வைக்கிறவள் அண்ணி. அவள் முடித்த பேனல் எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை மாதிரி இருக்கும், ஒரு பிசிறு இருக்காது. ஆண்கள் பதினெட்டுப் பேர், அவள் ஒருத்தி. புதிதாகச் சேர்ந்தவர் யாராவது "அக்கா, ஸ்குரூ முறுக்கட்டுமா?" என்று உதவிக்கு வந்தால், "முதல்ல சட்டைப் பட்டனைச் சரியாப் போடுங்க, அப்புறம் ஸ்குரூவைப் பாப்போம்" என்பாள்.

ஒரு பழக்கம் மட்டும் அவளுக்கு உண்டு. புது வேலை வந்தால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரே இன்ஜினியரிடம் போய் நிற்பாள். "சார், ஒரே ஒரு தடவை வாயால சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் மனசுல நிக்குது." அவர் ஓரத்துக் குறிப்புகளை எல்லாம் படித்துச் சொல்வார். இரண்டாம் தடவை அவள் கேட்டதே இல்லை. என்ன மரியாதை, என்ன பணிவு என்று மனுஷன் பூரித்துப் போவாராம்.

நானும் அப்படித்தான் பூரித்தேன். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், மருந்துச் சீட்டோ பள்ளிச் சுற்றறிக்கையோ, என் கைக்குத்தான் வரும். "நீங்க படிங்க டீச்சரம்மா. உங்க வாயால கேட்டாத்தான் தமிழ் தமிழா இருக்கு." இந்த ஒரு வரிக்கு மயங்கிப் பதினாலு வருஷம் படித்துக் கொடுத்திருக்கிறேன். ஃபோனில் அவள் ஒரு எழுத்து தட்டியதில்லை, எல்லாம் குரல் பதிவுதான். "மகாராணிக்கு விரல் தேஞ்சுடுமோ?" என்று கிண்டல் பண்ணுவேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுடைய ஒரே மகளுக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர். ஒரு தடவை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும். நான் பாடத்தை வாசித்தால், மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே கமா, முற்றுப்புள்ளி விடாமல் ஒப்பிக்கும். பரீட்சைத் தாளை வாங்கினால் தலையும் புரியாது, வாலும் புரியாது. பாதிக் கேள்வி காலி. மீதியில் எழுத்துகள் ஒன்றின் இடத்தில் ஒன்று. வாத்தியார் பிள்ளை மக்கு என்ற பழமொழி எங்கள் வீட்டில் அத்தை வழியாக வந்துவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாயால் சொல்லத் தெரிகிறது, கையால் எழுத மாட்டேன் என்றால் அது திமிர் அல்லாமல் வேறென்ன? 'கொக்கு' என்ற சொல்லை நூறு தடவை எழுத வைத்தேன். எழுபதாவது வரியில் அது வேறு ஏதோ பறவையாகிவிட்டிருந்தது. ஸ்கேலால் கையில் ஓர் அடி வைத்தேன். ஓர் அடிதான். ஆனால் வைத்தேன்.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருகிறேன்.

ரேடியோ ஐந்தாம் வகுப்பு, என் பள்ளியில்தான். அரையாண்டு முடிந்த சமயம் எனக்கு வெளியூரில் ஐந்து நாள் பயிற்சி வகுப்பு. நான் ஊரில் இல்லாத அந்த வாரம், வகுப்பில் சுற்றுலா அறிவித்தார்கள். அறிவியல் கண்காட்சி பார்க்கப் போகிறோம், பேப்பரில் அம்மா கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று டீச்சர் சொன்னார். அன்றைக்கே ரேடியோவின் டைரிக்குள் ஒரு காகிதத்தை மடித்து வைத்தும் அனுப்பினார்கள். குழந்தை காதால் கேட்டது சுற்றுலா. கையில் இருந்தது காகிதம். இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது; வகுப்பில் கொடுத்த நிஜ டூர் பேப்பர் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது.

"என்ன பேப்பர்டி?"

"டூர் பேப்பர்ம்மா. கையெழுத்து போடணுமாம்."

வேறு எந்த வீட்டில் என்றாலும் ஒரு கண்ணாவது அதன் மேல் ஓடியிருக்கும். இந்த வீட்டில் நான் இல்லை, அண்ணன் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அண்ணி கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து, வளைவும் சுழிப்புமாக. அது அவள் எழுதியது அல்ல, வரைந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

சுற்றுலா நாள் காலை ரேடியோ தொப்பி போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பக்கத்தில் நின்றது. பட்டியலில் பெயர் இல்லை. "உன் டூர் பேப்பர் வரவே இல்லையே. நீ கொண்டுவந்தது டி.சி. பேப்பர். வருஷக் கடைசியில வேற ஸ்கூலுக்குப் போறதா அம்மா கையெழுத்து போட்டிருக்காங்க" என்று டீச்சர் சொன்னார். பஸ் போய்விட்டது. எல்லாரும் போன வகுப்பறையில் குழந்தை தொப்பியைக் கழற்றாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு எச்.எம். அறையில் அண்ணி, அண்ணன், நான். பயிற்சியிலிருந்து முந்தின சாயங்காலம்தான் திரும்பியிருந்தேன். எச்.எம். கெட்டவர் இல்லை. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டு காட்டு என்று மேலே இருந்து பிடுங்குகிறவர்களுக்கும் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர். அவர் கோப்பைத் திறந்து அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

அதில் இருந்தது என் கையால் எழுதிய எழுத்து. ஜெராக்ஸ் எடுத்திருந்தாலும் என் 'ழ'வை எனக்குத் தெரியாதா?

போன வருஷம் எச்.எம். என்னைக் கூப்பிட்டு, படிப்பு வராத பிள்ளைகளின் பெற்றோருக்கு மனம் நோகாமல் ஒரு கடிதம் எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். 'என் மகன் / மகள் போதிய முன்னேற்றம் காட்டாததால், குழந்தையின் நலன் கருதி, ஆண்டு இறுதியில் வேறு பள்ளியில் சேர்க்க மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.' பெயருக்கு ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு. 'மனப்பூர்வமாக' என்பது என் கைச்சரக்கு. நல்ல வாசகம் என்று எச்.எம். பாராட்டியபோது இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அது யார் யாருக்குப் போகிறது என்று நான் கேட்கவும் இல்லை.

"உங்க நாத்தனார் எழுதினதுதானேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் எச்.எம்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எச்.எம். பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதை ரத்து பண்ணுங்க மேடம். என் பொண்ணு எங்கயும் போகல."

"எப்படிம்மா? நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க. படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?"

அண்ணியின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. எவ்வளவு கனத்த வயரையும் ஒரே வளைப்பில் வளைக்கிற கை, வெளுத்துப் போயிருந்தது.

"படிக்கல மேடம்."

"அவசரத்துல பாக்கலையா?"

நல்ல வழி ஒன்று காட்டினார் எச்.எம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். கவனக்குறைவுக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அண்ணி அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"அவசரமெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்குப் படிக்க வராது. பத்தாவது வரைக்கும் போனேன், ஃபெயிலாகி நின்னுட்டேன். பேரு எழுதுவேன், நம்பர் தெரியும். ஒரு வரி படிக்கச் சொன்னீங்கன்னா விடிஞ்சுடும். என் வீட்டுக்காரருக்கே இது தெரியாது. இப்பத்தான் சொல்றேன்."

அண்ணன் அவளையே பார்த்தான். "நெசமாவா?" என்றான். கொட்டாவிக்கும் என் நாக்குக்கும் அல்லாமல் அவன் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"நெசம்தான். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு."

எச்.எம். நாற்காலியில் சாய்ந்தார். வேண்டுமென்று சொன்னாரா, வாய் தவறினாரா தெரியாது. "அம்மாவுக்கே வரலைன்னா பொண்ணுக்கு எங்கேருந்து வரும்?" என்றார்.

அவ்வளவுதான். அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"மேடம், எங்க பட்டறையில ஒவ்வொரு வயரோட ரெண்டு முனையிலயும் நம்பர் போட்ட குட்டி வளையம் மாட்டுவோம். அறுபத்தாறைத் தலைகீழாத் திருப்பினா தொண்ணூத்தொம்பது. ஒரு தடவை அது மாறிப்போயி, மேல போக வேண்டிய லிஃப்ட் கீழ போச்சு. மாத்துனது யாரு தெரியுமா? டிப்ளமோ படிச்சவரு. கடகடன்னு இங்கிலீஷ் படிப்பாரு. அவரை யாரும் மக்குன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பல. நம்பருக்கு அடியில ஒரு கோடு போட்டோம். கோடு இருக்கிற பக்கம் கீழன்னு வெச்சுக்கிட்டோம். அன்னைலேருந்து ஒரு தப்பு வரல. எனக்கு அந்தக் கோட்டை யாரும் போட்டுத் தரல மேடம். என் பொண்ணுக்குப் போட்டுக் குடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன். அவளை இப்பவே கூப்பிட்டு வாயால கேள்வி கேளுங்க. பதில் வரலைன்னா நானே பையைத் தூக்கிட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

ரேடியோவைக் கூப்பிட்டார்கள். கண் வீங்கியிருந்தது. எச்.எம். அறிவியல் புத்தகத்தைப் பிரித்து மின்சுற்றுப் பாடத்திலிருந்து கேட்டார். குழந்தை கேள்விக்குப் பதில் சொல்லி, அது போதாமல், ஸ்விட்சை எந்த வயரில் வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் பல்பு அணைந்திருந்தும் எப்படி ஷாக் அடிக்கும் என்று மேஜை மேல் விரலால் வரைந்து காட்டியது. "இந்த ரூம் ஸ்விட்ச்ல கூட பொறி வருது மேடம், மாத்திடுங்க" என்றது. எச்.எம். தன்னை மறந்து அந்த ஸ்விட்சைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, புஸ்தகத்தைப் பாத்தா என்னதான் ஆகுது உனக்கு? எழுத்தெல்லாம் ஆடுதா?"

"ஆடல மேடம். எழுத்தைப் பாத்தா சத்தம் வர மாட்டேங்குது. நேத்துப் பாத்த எழுத்தே இன்னைக்குப் புதுசா இருக்கு."

பக்கத்தில் நின்ற அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நாற்பது வருஷமாகத் தனக்குச் சொல்லத் தெரியாததைப் பத்து வயசுப் பெண் சொல்லிவிட்டது.

எச்.எம். ஒரு நிபந்தனை வைத்தார். படிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். ஆண்டுப் பரீட்சையில் கேள்விகளைப் படித்துச் சொல்ல ஆள் போடுவார்கள், கூடுதல் நேரம் உண்டு, தமிழையும் இங்கிலீஷையும் தவிர மற்றப் பாடங்களுக்கு வாயால் பதில் சொல்லலாம். ஆனால் ஒரு பாடத்தில் தவறினாலும் டி.சி.தான். "அதுவரைக்கும் இந்தக் காகிதம் என்கிட்டயே இருக்கும்" என்று கோப்பில் திரும்ப வைத்தார். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

வெளியே வந்ததும் நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். "அண்ணி, அந்தக் கடுதாசி நான்..." என்று இழுத்தேன்.

"நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்திருக்கும் டீச்சரம்மா. எனக்குத்தான் படிக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் பஸ் ஏறிவிட்டாள். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

பயிற்சி மையத்து அம்மா இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு விவரமாகச் சொன்னார். இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். கண் கோளாறு இல்லை, சோம்பலும் இல்லை. எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்துக் கட்டுகிற வேலை மூளையில் வேறு விதமாக நடக்கிறது. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பல குடும்பங்களில் வழிவழியாக வரும். மாத்திரை கிடையாது, சரியான முறையில் கற்றுக்கொடுத்தால் படிக்க வரும், மெதுவாக வரும். "நூறு தடவை எழுத வைக்கறது, எல்லார் முன்னாடியும் எழுப்பி வாசிக்கச் சொல்றது, இதெல்லாம் இன்னையோட நிறுத்திடணும்" என்றார். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் இரண்டு காதும் சுட்டது.

"எனக்கும் பாத்துச் சொல்லுவீங்களா?" என்று அண்ணி கேட்டாள். அவளையும் சோதித்தார். அதேதான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அப்ப நான் சோம்பேறி இல்ல" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, செருப்பிடம் சொன்னாள்.

மறுநாளே பட்டறையிலிருந்து கழிவாகப் போகிற ஒற்றைக் கம்பிச் செம்பு வயர்த் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். மையத்து அம்மா எழுத்தை விரலால் தடவி, வாயால் ஒலியைச் சொல்லிப் பழகச் சொல்லியிருந்தார். அண்ணி குறட்டால் வயரை வளைத்து எழுத்துகள் செய்தாள். நான் வடிவம் வரைந்து காட்ட, அவள் வளைக்க, ரேடியோ தடவ. உயிர்மெய்க் குறிகளுக்கு நிறம் போட்ட வயர். 'கொ' என்றால் 'க'வுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கொம்பு, பின்னால் ஒரு சிவப்புக் கால். "சத்தம் ஒண்ணு, அதுக்கு முன்னாடி பாதி பின்னாடி பாதியா? யாரு வயரிங் பண்ணது இதை?" என்றாள் அண்ணி. இருபத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது விசித்திரம் என்றே அதுவரை தோன்றியதில்லை.

தினம் அரை மணி நேரம், அண்ணி வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம் சமையலறை மேஜையில். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. அம்மாவும் மகளும் ஒரே பெஞ்சில். எனக்கு ஒரே ஒரு விதி. ரேடியோ படிக்கும்போது நான் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. விளையாட்டில்லை, அண்ணி நிஜமாகவே டம்ளரை நீட்டினாள். "உங்க நாக்கு நல்ல நாக்குதான் டீச்சரம்மா. ஆனா அது புள்ளைக்கு முன்னாடி ஓடிடுது." குழந்தை 'படகு' என்ற சொல்லோடு அரை நிமிஷம் மல்லுக்கட்டும். என் கன்னம் உப்பும், கண் பிதுங்கும். முதல் வாரம் இரண்டு தடவை மேஜை முழுக்கத் துப்பியிருக்கிறேன். ஆனால் ஒன்று புரிந்தது. நான் எடுத்துக் கொடுக்காமல் இருந்த அந்த அரை நிமிஷத்தில்தான் 'படகு' அதற்கே வந்தது.

எல்லா நாளும் வந்துவிடவில்லை. ஒன்றரை மாதம் ஆனபோது ஒரு சாயங்காலம், முந்தின வாரம் தெரிந்த எழுத்துகள்கூட வரவில்லை. ரேடியோ வயர்களை அள்ளித் தரையில் வீசியது.

"நான் மக்குதான். விடுங்க. வேற ஸ்கூலுக்கே போறேன்."

சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். வாயில் தண்ணீர்.

அண்ணி அதட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வயராகப் பொறுக்கினாள். "போ. வேற ஸ்கூல்லயும் இதே அ, ஆதான் இருக்கும். அங்கேருந்தும் அனுப்பினா இன்னொண்ணு. எத்தனை தடவைடி ஓடுவ? நான் நாப்பது வருஷம் ஓடிட்டேன். பஸ்ல போர்டு தெரியாம கலரைப் பாத்து ஏறினேன். மாத்திரை அட்டையை நிறம் பாத்து அடுக்கினேன். கண்ணாடி மறந்துட்டேன், கண்ணாடி மறந்துட்டேன்னு எத்தனை எடத்துல பொய் சொன்னேன் தெரியுமா? எனக்குக் கண்ணாடியே கிடையாது. அந்த ஓட்டம் உனக்கு வேணாம். இங்கயே நில்லு. என்கூட நில்லு."

ரேடியோ தானும் குனிந்து பொறுக்கியது. அன்றைக்கு மூன்று எழுத்துதான் படித்தார்கள். மறுநாள் அரை மணி நேரத்துக்கு இருவரும் சொன்ன நேரத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

பரீட்சை தனி அறையில் நடந்தது. ஆபீஸ் கிளார்க் அம்மா கேள்விகளைப் படித்துச் சொன்னார். கணக்கிலும் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் குழந்தை பிளந்து கட்டியது. இங்கிலீஷ் முட்டி மோதித் தேறியது. தமிழ்தான் கத்தி மேல் நடை. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். விடைத்தாளை நான் தொடக்கூட இல்லை. வேறு பள்ளி டீச்சருக்கு அனுப்பித் திருத்தினார்கள். முப்பத்தெட்டு.

எச்.எம். மதிப்பெண் பட்டியலை நீட்டினார். அண்ணி வாங்கி, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உதடு அசைய, கடைசி வரை படித்தாள். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். கடைசி வரியில் "தேர்ச்சி" என்று வாய்விட்டுச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூச்சமெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன்.

எச்.எம். கோப்பைத் திறந்து பழைய காகிதத்தை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். அண்ணி நகரவில்லை. அவள் கண் கோப்பில் இருந்தது.

"அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் என்ன மேடம்?"

"போன வருஷத்துது. ஏழு பேர். அவங்க டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க. இந்த வருஷம் உங்க சண்டைக்கு அப்புறம் யாருக்கும் அனுப்பலம்மா."

"அந்த ஏழு பேரும் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்து போட்டாங்களா?"

"அது அவங்க இஷ்டப்பட்டுப் போட்டது."

"என்னோடதும் அப்படித்தானே மேடம் இருந்துச்சு, காகிதத்துல."

எச்.எம். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாம்னா?"

"சேத்துக்கறேன்ம்மா. போதுமா?"

முகவரிகளைச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து நான்தான் எழுதினேன். அன்றைக்கு மத்தியானமே முதல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் அண்ணி. "நாளைக்குப் போலாமே" என்றேன். "ஒரு வருஷம் லேட்டு, இன்னும் ஒரு நாள் வேணுமா உங்களுக்கு?" என்றாள்.

குறுகலான மாடிப்படி, இரண்டாவது மாடி. திறந்திருந்த கதவுக்கு நேரே ஒரு பெண் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அறை முழுக்க யார் யார் வீட்டுச் சட்டைகளோ அடுக்கியிருந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறோம் என்றதும் பதறிப்போய் இரண்டு நாற்காலி மீதிருந்த துணிகளை எடுத்தார். மகளைப் பற்றி அண்ணி விசாரித்தாள்.

"வீட்லதான் இருக்கா. சின்னவனைப் பாத்துக்கறா. வேற ஸ்கூல்ல கேட்டோம், இந்த மார்க்குக்கு இடம் இல்லைன்னுட்டாங்க." இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சொன்னார். "அவளுக்குப் படிப்பு ஏறாதுங்க. நான் சொல்லல, ஸ்கூல்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. தமிழ் டீச்சரே எழுதினதாம். படிச்சவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. வாயை அடைத்துக்கொள்ளத் தண்ணீர் டம்ளர் எதுவும் என் கையில் இல்லை. எச்.எம். அறையில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

"அந்த டீச்சர் நான்தாங்க" என்றேன். "உங்க பொண்ணைக் கண்ணால பாக்காமலே எழுதினேன். நான் எழுதினது தப்பு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. "ஒரு வருஷம் வீட்ல உக்காந்துட்டாளே டீச்சர்" என்றார்.

உள்ளே, கதவுக்குப் பின்னால், இடுப்பில் தம்பியோடு ஒரு பெண் குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது.

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து அதனிடம் போனாள். இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"திங்கக்கிழமை காலைல எட்டரைக்கு ரெடியா இரும்மா" என்றாள். "நானும் இந்த டீச்சரும் வந்து ஸ்கூல்ல சேக்கக் கூட்டிட்டுப் போவோம்."